மின்சாரமும் தோட்டக் கிணறும்: சென்னை ராஜ்யப் பொருளாதாரத்தின் ஓர் அத்தியாயம்

ஒரு ராஜ்யத்தின் பொருளாதார சரித்திரத்தை ஆராயப் புகுவோர், துறைமுகமும் வர்த்தக ஸ்தாபனங்களும் குவிந்திருக்கும் தலைநகரிலிருந்து தொடங்குவதே வழக்கம். வங்காளத்தின் சணல் தொழில் கல்கத்தாவையும் ஹூக்ளிக் கரையையும் ஒட்டியே வளர்ந்தமையால் அங்கே அம்முறை பொருந்தும். ஆனால், இன்று தமிழ்நாடு என வழங்கும் பழைய சென்னை ராஜ்யத்தில் கைத்தொழில் ஒரே நகரத்தில் அடங்கிவிடாமல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர் எனப் பல ஊர்களிலும் பரவி நிற்கிறது. இதன் காரணத்தைத் தேடுவோர், கொங்கு நாட்டுத் தோட்டக் கிணறுகளையும் அவற்றை எட்டிய மின்கம்பிகளையும் ஆராய்ந்தாலன்றி விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த கொங்குப் பிரதேசத்தில், பவானி, நொய்யல், அமராவதி ஆறுகளின் வாய்க்கால்கள் எட்டிய நிலங்கள் சொற்பமே. மற்ற இடங்களிலெல்லாம் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளிலிருந்து காளைகளைப் பூட்டிக் கமலை இறைத்தே விவசாயம் நடந்தது. கிணறு வெட்டுவதற்கும் மாடு வாங்குவதற்கும் முதல் போட்டு, விளைச்சலை விற்று அதை மீட்க வேண்டியிருந்தமையால், தோட்டக்காரர் ஆரம்பத்திலிருந்தே கணக்குப் பார்க்கும் மனிதராக இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமாகி, கிணற்றுப் பாசனத்தில் செழித்த கம்போடியாப் பருத்தி, அவரைச் சந்தையோடு மேலும் இறுகப் பிணைத்தது.

பருத்தி இருந்தும், அதை நூலாக்கும் சக்தி சுலபமாகக் கிடைக்கவில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தாரின் முயற்சியால் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை தோன்றிய பின்னரும், நிலக்கரி வெகு தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தமையால், அத்தொழில் பல ஆண்டுகள் மந்தகதியிலேயே சென்றது. இத்தடையை நீக்கியது நீலகிரியின் அருவி நீர். சர் சி.பி. ராமசாமி ஐயர் மாகாண நிர்வாக சபையில் இருந்த காலத்தில் ஊக்கம் பெற்ற பைக்காரா நீர்மின் திட்டம், ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து வீழும் நீரின் வேகத்தைக் கொண்டு 1932இல் மின்சாரம் அளிக்கத் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை பூர்த்தியாகிச் சில ஆண்டுகளில் அங்கும் மின் உற்பத்தி ஆரம்பித்தது. 1944இல் தாமிரபரணியின் பாபநாசம் திட்டமும் சேர்ந்துகொண்டது.

அக்காலம் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்த காலம் என்பது இங்கே விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. விளைபொருள்களின் விலை வீழ்ந்து, நிலத்தில் போட்ட பணத்துக்குப் பலன் குன்றியிருந்த வேளையில், மலிவான மின்சாரம் வாசலுக்கே வந்து சேர்ந்தமையால், நிலத்தையும் கடன் கொடுக்கல் வாங்கலையும் நம்பியிருந்த கிராமத்து மூலதனம் நூற்பாலைகளின் பங்குகளை நாடியது. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகளும், கிணற்றுப் பம்புகளை வார்க்க வார்ப்படச் சாலைகளும் எழுந்தன, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினர். வயலுக்கு வேண்டிய பம்பைப் பட்டறை செய்தது; பட்டறைக்கு வேண்டிய முதலை வயல் தந்தது.

சுதந்தரத்துக்குப் பின் இப்போக்கு அரசாங்கத்தின் கொள்கையாகவே உறுதி பெற்றது. 1957இல் சென்னை ராஜ்ய மின்சார வாரியம் அமைந்தது; கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா அளித்த உதவியோடு நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் உருவாயிற்று; 1962இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமாகியது. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் கைத்தொழில் அமைச்சராகவும் விளங்கிய அந்த ஆண்டுகளில், 1958இல் திறக்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை சிறுதொழில் நடத்துவோருக்கு இடமளித்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்வதிலும், பம்புசெட்டுகளின் பெருக்கத்திலும் இந்த ராஜ்யம் தேசத்தின் முன்வரிசையில் நின்றது.

எனினும், இவ்வபிவிருத்தியின் மறுபக்கத்தைச் சொல்லாது விடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. கமலை இறைத்த காலத்தில் மாடுகளின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது, மோட்டாருக்கோ களைப்பில்லை. மின்கட்டணச் சலுகைகள் படிப்படியாகப் பெருகி, 1990இல் விவசாயத்துக்கு முற்றிலும் இலவச மின்சாரம் வந்தபோது, பணச்செலவு என்ற தடையும் அகன்றது. நீர்மட்டம் தாழத் தாழக் கிணறுகள் ஆழமாயின. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. அவற்றுக்கு முதல் போட இயலாத சிறு விவசாயியின் கிணறு முதலில் வறண்டது.

மின்சாரத்தைக் குடிசைப் பட்டறைக்கும் தோட்டக் கிணற்றுக்கும் பகிர்ந்தளித்ததால்தான் இந்நாட்டின் செல்வம் ஒரு நகரத்தில் தேங்காமல் ஊர்தோறும் பாய்ந்தது. அந்த நியாயமான பகிர்வு நிலத்தடி நீருக்கு மட்டும் கிட்டவில்லை; கம்பியில் வந்த சக்திக்கு வாரியம் அமைத்து முறை வகுத்தவர்கள், பாறையடியில் ஊறிய நீரை அவரவர் கிணற்றுச் சொத்தாகவே விட்டுவிட்டனர். பைக்காரா நீரைத் திட்டமிட்ட அதே சிரத்தையோடு கிணற்று நீருக்கும் பொதுவான ஒரு முறையை வகுப்பதே, அக்காலத்தார் முடிக்காமல் நமக்கு விட்டுச்சென்ற பணி.