அச்சேறாமல் பட்டமில்லை: கொலம்பியா விதியும் நம் விதிகளும்

அம்பேத்கர் எந்த ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்? சில நூல்கள் 1917 என்கின்றன, வேறு சில 1927 என்கின்றன. எவரோ எண்ணை மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்று நாம் கடந்துபோகிறோம். உண்மையில் அது ஆய்வேடு ஏற்கப்பட்டதற்கும் பட்டம் கைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட காலம். ஆய்வேட்டை அச்சிட்டு, உரிய படிகளை ஒப்படைத்த பிறகே கொலம்பியா பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும் என்பது அன்றைய விதி.

இவ்விதியின் பின்னணி சுவையானது. ஜெர்மனியில் பயின்று திரும்பிய ஜான் பர்ஜெஸ் 1880இல் கொலம்பியாவில் அரசியல் அறிவியல் பள்ளியைத் தொடங்கினார். ஆய்வுக் கருத்தரங்கு, மூல ஆவண வாசிப்பு, ஆய்வேடு என்னும் முறை அங்கிருந்து வந்ததே. வரலாறு, பொருளியல், பொதுச்சட்டம், பின்னாளில் சமூகவியல் ஆகிய யாவும் அந்த ஒரே புலத்தின்கீழ் இயங்கின; பொருளியல் ஆய்வாளரான அம்பேத்கர் அரசியல் அறிவியல் புலத்து மாணவரானது அப்படித்தான். அவர் அங்கே எடுத்த பாடங்களின் கணக்கு பலமுறை எழுதப்பட்டதே: பொருளியல் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மொழியியல் படித்த எனக்குக் கடைசி இரண்டில்தான் கண் நிற்கிறது. அயல்மொழி வாசிப்பு அன்றைய அமெரிக்க முனைவர் படிப்பின் பொதுவான நிபந்தனை.

ஆய்வின் முடிவு பொதுவெளிக்கு வரவேண்டும், பிறர் அதைப் படித்து மறுக்கவோ ஏற்கவோ வேண்டும் என்பதே அச்சு விதியின் நோக்கம். நோக்கத்தில் குறைகாண இயலாது. செலவு யாருடையது என்பதே கேள்வி. வுட்ரோ வில்சனுக்கு இது சிக்கலாகவே இல்லை: 1885இல் வெளியாகியிருந்த அவருடைய நூலையே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆய்வேடாக ஏற்று 1886இல் பட்டம் தந்தது. அம்பேத்கரோ பரோடா அரசின் மூன்றாண்டு உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்றவர். தொகை முடிந்ததும் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துப் பணம் சேர்த்து 1920இல் மீண்டும் இலண்டன் போனார். மாகாண நிதி குறித்த அவருடைய ஆய்வு 1925இல்தான் ஆசிரியர் செலிக்மனின் முன்னுரையோடு இலண்டனில் நூலானது. பட்டம் 1927 ஜூனில் வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. 2016இல் இரண்டு கருத்தரங்க உரைகளும் சேர்ந்தன. கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் 4,305 இதழ்களைக் குழுவே தன் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. 2022 ஒழுங்குமுறை இந்த நிபந்தனையையே கைவிட்டது. குறைந்தது 12 தகுதிப்புள்ளிப் பாடங்கள், மூன்று முதல் ஆறு ஆண்டுகள், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவை போதும். ஆயினும் பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதிகளில் கட்டுரை நிபந்தனையை இன்றும் வைத்திருக்கின்றன.

கொலம்பியா கேட்டது ஆய்வேட்டையே. நம்மவர்கள் கேட்பது வேறொரு கட்டுரையை. ஆய்வேடு பொதுவெளிக்கு வரவேண்டுமென்றால், அதன் மின்படி சோத்கங்கா தளத்தில் ஏறினாலே எவரும் செலவின்றிப் படிக்கலாம். கட்டுரையை நிபந்தனையாக வைக்கும் துறைகள், அது எதற்காக என்று மாணவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவை. அரசியல் அறிவியலில் களப்பணி முடிந்து எழுதிய கட்டுரை நல்ல இதழொன்றின் மதிப்பீட்டைக் கடந்துவர ஓராண்டு, ஈராண்டு ஆகலாம். நெட் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு ஐந்தாம் ஆண்டோடு பணம் நின்றுவிடும். அது கிட்டாதவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய்.