மின்மடல் முகவரியில் தமிழ் — ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த குருக்கள்மடம் என்னும் ஊரின் பெயர் எட்டெழுத்தாலானது. அதனை உரோம எழுத்திற் பெயர்த்தால் ளகர லகர வேறுபாடு மறையும். முதலெழுத்தும் எழுதுவோர்க்கேற்ப மாறும். ஊரறிந்த அஞ்சற்காரர் பிழையைப் பொறுத்துக் கடிதத்தைச் சேர்ப்பர். கணினியோ ஓரெழுத்து மாறினும் சேர்க்காது. ஆகவே, முகவரியைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பு எவ்வாறு வந்தது என ஆராய்தல் தகும்.

1982 ஆம் ஆண்டு யோன் பொஸ்டல் வகுத்த மடல் விதியும், 1983 இல் போல் மொக்கபெற்றிசு வகுத்த ஆள்களப் பெயர் முறையும் உரோம எழுத்தை அடிப்படையாகக் கொண்டன. பிறமொழி எழுத்துக்களுக்கு அங்கே இடமில்லை. 1998 ஆம் ஆண்டளவிற் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துத் தான் தின் வீ குழுவினர் பன்மொழிப் பெயர்களும் இயலும் எனக் காட்டினர். 2003 இல் 'பியூனிகோடு' என்னும் முறை வகுக்கப்பட்டது. அதன்படி, கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும் பெயர் கம்பியில் உரோம எழுத்து வேடம் பூண்டு செல்லும். 2010 இல் 'இலங்கை' என்னும் தமிழ்ச் சொல்லே மேல்நிலை ஆள்களமாயிற்று.

எனினும் இவ்வேடம் முகவரியின் வலப்பகுதிக்கே பொருந்தும். இடப்பகுதியாகிய ஆட்பெயரைத் தமிழில் எழுதும் விதி 2012 இலேதான் நிலைபெற்றது. அவ்விதிப்படி, மடலைப் பெறும் சேவையகம் இவ்வாற்றல் தனக்குண்டு என முன்னரே அறிவித்தல் வேண்டும். வழியில் ஒன்று அறிவியாதொழியின் மடல் அனுப்பினவர்க்கே திரும்பும்.

பலராலும் ஆளப்படும் 'போஸ்ட்பிக்ஸ்' என்னும் மென்பொருள் 2015 இல், 3.0 ஆம் பதிப்பிலே, இவ்வசதியை ஏற்றது. ஆயினும் நிருவகிப்போர் தம் ஆள்களப் பட்டியலிலே தமிழ் வடிவத்தையும் வேட வடிவத்தையும் தனித்தனியே பதிதல் நன்று. ஒன்றை மட்டும் பதியின், மற்றதை அயலார் பெயரெனக் கருதிச் சேவையகம் மடலை மறுத்தல் கூடும். எழுத்தளவும் கருதத்தக்கது: எட்டெழுத்தாகிய குருக்கள்மடம் ஒருங்குறியில் 13 குறிகளாயும், கடத்தும்போது 39 பைற்றுகளாயும் விரியும். ஓரெழுத்து ஒரு பைற்று எனக் கணக்கிட்ட பழைய நிரல்கள் இங்கே இடறும்.

இவற்றால் ஒன்று தெளிவாகின்றது. தமிழ் முகவரிக்கு விதி தடையன்று, மொழியும் தடையன்று. ஒவ்வொரு நிலையத்தின் சேவையகமும் திறக்கப்படாமையே தடையாகும். ஆங்கிலம் அறியாத முதியவரொருவர் தம் பெயரைத் தம் எழுத்திலே எழுதி மடல் பெறும் நாள், தொலைவிலுள்ள பேரவைகளை மட்டும் பொறுத்ததன்று. அவருக்கு மடல் விடுக்கும் கந்தோரும் கல்லூரியும் தத்தம் வாயிலைத் திறத்தல் வேண்டும். கணினி பயிலும் மாணாக்கர் இப்பணியைத் தமதாக மேற்கொள்வாராக.