திரைக்குப் பின்னால் நிற்பவர்: ஹம்லெட்டும் கொம்பனித்தெருவும்

‘ஹம்லெட்’ என்றால் பழிவாங்கும் கதை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வாசித்துப் பார்த்தால் பாதி நாடகம் உளவுதான். பொலோனியஸ், பாரிஸில் இருக்கும் சொந்த மகனை வேவு பார்க்க ஆள் அனுப்புகிறார். மகனைப் பற்றிச் சின்னச் சின்னப் பொய்களை அவிழ்த்துவிட்டு உண்மையைக் கறந்து வா என்கிறார். அரசன் கிளோடியஸ், ஹம்லெட்டின் சின்ன வயதுக் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவன் மனசை அறியச் சொல்கிறான். ஒஃபீலியாவை முன்னால் நிறுத்திவிட்டு அவளுடைய அப்பாவும் அரசனும் ஒளிந்து நின்று கேட்கிறார்கள்.

இது ஷேக்ஸ்பியரின் வெறும் கற்பனை இல்லை. நாடகம் எழுதப்பட்டது 1600 அளவில். அதற்கு முன்பே எலிசபெத் அரசியின் அமைச்சர் வால்சிங்ஹம் பெரிய உளவு வலையை விரித்திருந்தார். 1586இல் ஸ்கொட்லாந்தின் மேரியின் ரகசியக் கடிதங்களை இடைமறித்து வாசித்தது அவருடைய ஆட்கள்தான். அடுத்த வருஷம் மேரியின் தலை போனது. அன்று நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு, ஒட்டுக் கேட்பவன் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கும் தேவையில்லை. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது அரசனுக்குச் சொல்லும் யோசனை. வேவு பார்க்கப்படுகிறவனின் பக்கத்தில் நின்று பேசுவது ஹம்லெட். அதனால்தான் அது எங்களுக்கு நெருக்கம்.

2005 ஓகஸ்ட் 12இல் வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பில் கொல்லப்பட்டார். உடனே அவசரகாலச் சட்டம் வந்தது. பிறகு வந்த வருஷங்களில் எங்கட வீடுகளில் பொலிஸ் பதிவுப் படிவம், ஐசி மாதிரியே பத்திரமாக வைக்கவேண்டிய சாமானாகிவிட்டது. யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், ஏன் வந்தார்கள் என்று வீட்டுக்காரரே எழுதிக் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா வந்தால், தேத்தண்ணி போட முதல் ‘பதிஞ்சாச்சா?’ என்ற கேள்விதான் வரும். விருந்தாளியைப் பற்றித் தகவல் சொல்வது விருந்து கொடுப்பவரின் கடமையானது.

கொம்பனித்தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டினவை. தமிழர், முஸ்லிம்கள், மலாய்க்காரர், சிங்களவர் எல்லாரும் ஒரே ஒழுங்கையில். பக்கத்து வீட்டில் மீன் பொரிப்பதே தெரிந்துவிடும்; புது ஆள் வந்தது தெரியாமல் போகுமா? ஒருமுறை சிவில் உடுப்பில் வந்தவர்கள், நாங்கள் பதிய முதலே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் வீட்டில் கதைப்போம். ஹம்லெட் பைத்தியம் மாதிரி நடித்தான். நாங்கள் ஒன்றும் தெரியாத ஆட்கள் மாதிரி நடித்தோம்.

அந்தப் பதிவுகளின் உச்சம் 2007 ஜூன் 7. கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை விடியப்புறம் பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது.

ஹம்லெட்டுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவன் இளவரசன். தன்னைக் கொல்லச் சொன்ன கடிதத்தையே மாற்றி எழுத அவனால் முடிந்தது. திரைக்குப் பின்னால் நின்ற பொலோனியஸ் அவன் வாளுக்குச் செத்தார். நாடகம் முடியும்போது உளவு பார்த்தவர்களும் பார்க்கப்பட்டவனும் பிணம். கணக்கு முடிந்தது.

எங்கட தெருவில் கணக்கு முடியவில்லை. 2009இல் போர் முடிந்தது, அவசரகாலச் சட்டம் 2011இல் போனது. சொன்னவர் இன்னமும் அதே கடையில் பாண் வாங்குகிறவராக இருக்கலாம். அவரும் ஒஃபீலியா மாதிரிப் பயத்தில் முன்னால் நிறுத்தப்பட்டவராக இருக்கலாம். எங்களில் அநேகம் பேருக்கு அவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசைகூட இப்போது இல்லை. ஆனால் புதிதாக ஒருவர் சிநேகமாக வந்து ‘எந்த ஊர், வீட்டில எத்தனை பேர்?’ என்று கேட்டால், பதில் சொல்ல முதல் ஒரு கணம் நிற்கிறோம். அந்தப் படிவங்களைக் கிழித்து எவ்வளவோ காலம். அந்த ஒரு கணம் மட்டும் இன்னும் எங்களிடம் இருக்கிறது.