நீரேற்றுப் புனல்மின் திட்டங்களும் சட்டமும்

மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்னாக்குவது நீரேற்றுப் புனல்மின் திட்டம் ஆகும். 1944 முதல் இயங்கும் பாபநாசம் மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றிய நீர் தாமிரபரணி வழியே வயலுக்குப் போய்விடும். இங்கோ அதே நீர் மறுபடி மேலேறும்.

தமிழகத்தில் இவ்வகையில் முதலாவது, கோவை மாவட்டத்துக் காடம்பாறை (400 மெகாவாட்). 1987 முதல் 1989 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கியது. தனிச் சலுகைச் சட்டம் ஏதுமின்றி மின்வாரியமே கட்டியது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்திலும் மின்சேமிப்புக்கெனப் பிரிவு இல்லை.

கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் பெருகியபின் நிலை மாறியது. ஆடிக் காற்றில் மின்சாரம் மிஞ்சி, காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. 2022 டிசம்பரில் திருத்திய மின்சார விதிகள், சேமிப்பு அமைப்புகளை மின்தொகுதியின் அங்கமாக ஏற்றன. 2023 ஏப்ரலில் வந்த மத்திய வழிகாட்டுதல்கள், திட்ட ஒதுக்கீட்டுக்கு மாநிலங்கள் முன்பணம் வாங்க வேண்டாம், இலவச மின்சாரம் கேட்க வேண்டாம் என்றன. 2024இல் தமிழக அரசு தன் கொள்கையை வெளியிட்டது.

மாணவர்கள் இவை அனைத்தையும் 'சட்டம்' என்றே எழுதிவிடுகிறார்கள். விதிக்குச் சட்டத்தின் பலம் உண்டு. வழிகாட்டுதல் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. அரசமைப்பில் மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. நீர்த்தேக்கமும் நீராற்றலும் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவில் உள்ளன. அணை நீரை யாருக்குத் தருவது, பாசனத்துக்கு எவ்வளவு விடுவது என்பதை மாநிலமே முடிவு செய்ய வேண்டும்.