செய்திக்குச் சாட்சி யார்?

அச்சில் வந்ததனாலேயே ஒன்றை உண்மையெனக் கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதன்று. இன்று அப்பழக்கத்திற்குப் புதியதொரு துணை வாய்த்திருக்கிறது: இயந்திரம் எழுதிய செய்திக்குப் பக்கச்சார்பு இராது என்னும் நம்பிக்கை. அதன் வரலாறு குறுகியது, ஆயினும் ஆராயத்தக்கது.

2014 மார்ச் 17ஆம் நாள் கலிபோர்னியாவில் நிலம் அதிர்ந்தது. அரசாங்க ஆய்வு நிலையத்தின் தரவுகளைப் பெற்றுக் கணினி நிரலொன்று செய்தி எழுத, மூன்று நிமிடங்களுக்குள் 'லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்' அதனை வெளியிட்டது. அதே ஆண்டு, சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டர் கிளெர்வால் தமது ஆய்வொன்றை வெளியிட்டார். இயந்திரம் எழுதிய விளையாட்டுச் செய்தியையும் பத்திரிகையாளர் எழுதியதையும் மாணவர்களிடம் கொடுத்தபோது, எது எவருடையதெனப் பிரித்தறிய அவர்கள் இடர்ப்பட்டனர். மனிதன் எழுதியது படிக்க இனியது என்றனர். இயந்திரம் எழுதியதோ சலிப்பூட்டுவது, ஆனால் நடுநிலையானது என மதிப்பிட்டனர்.

சுவையின்மை நேர்மைக்கு அடையாளமாகுமா? 2017 ஜூன் 21ஆம் நாள், 1925இல் நேர்ந்த நிலநடுக்கத்தைப் புதிதாக நேர்ந்ததென அதே நிரல் அறிவித்தது. பழைய பதிவைத் திருத்தியபோது தரவில் புகுந்த ஆண்டுப் பிழையே காரணம். கிடைத்த தரவை நிரல் அப்படியே எழுதிற்று. விசாரித்தறிய அதனால் இயலவில்லை.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 2004 டிசம்பர் 26இல் இத்தகைய நிரல் இருந்திருப்பின், சுமாத்திராவின் கடலடி நிலநடுக்கத்தை உடனே எழுதியிருக்கும். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் நாவலடியில் எவர் மாண்டனர், எவரை நிவாரணம் எட்டவில்லை என்பதை அங்கு சென்றவர்களே எழுத முடியும்.

அவ்வாறு சென்று எழுதுவதற்கு இம்மண்ணில் விலை இருந்தது. 'வீரகேசரி' செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் நாள் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பிற் பிறந்த பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் நாள் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். அவர்களது கருத்தை ஏற்காதோரும் இருந்தனர். எனினும் எழுதியவர் எவரென அறிந்து மறுக்க முடிந்தது, வாதிட முடிந்தது.

இயந்திரச் செய்தியின் பின்னாலும் மனிதரே நிற்கின்றனர்: தரவைத் தெரிந்தவர், நிரலை அமைத்தவர், பத்திரிகையின் உடைமையாளர். அவர்கள் வாசகன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனையே நாம் நடுநிலை எனப் பிழைபடக் கொள்கிறோம். செய்தித்தாளை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும் ஆசிரியர், நடையின் அழகை விளக்குமுன் மாணவரை இரு கேள்விகள் கேட்கப் பழக்கட்டும்: இதனை நேரிற் கண்டவர் யார்? தவறாயின் பொறுப்பேற்பவர் யார்?