உறையூரும் நீராட்டுச் சுண்ணமும்

உறையூர் என்றவுடன் நம் நினைவில் எழுவன சோழ மன்னரின் வெண்கொற்றக் குடையும் அறங்கூறு அவையமும் ஆகும். கோழி என்னும் பழம்பெயர் கொண்ட அத் தலைநகரின் போர்களையும் வெற்றிகளையும் மாணவர்கள் பாடநூல்களில் படித்திருப்பார்கள். நான் இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் மிக எளியது. வெயிலில் உழைத்த மக்கள் தங்கள் உடம்பின் அழுக்கை எவ்வாறு போக்கினார்கள்? வெயில் பட்டுக் கருத்துத் திட்டுத் திட்டான தோலை எவ்வாறு பேணினார்கள்? இது வரலாறாகுமா என்று சிலர் ஐயுறலாம். ஆகும் என்பதே என் துணிபு. ஒரு நாட்டு மக்களின் நாள்தோறும் நிகழும் பழக்கங்களில் அந் நாட்டின் தட்பவெப்பமும் வாணிகமும் மருத்துவமும் ஒருங்கே பதிந்து கிடக்கின்றன.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் அமைந்த ஊர். ஆதலின் ஆண்டில் இரு முறை, சித்திரையின் தொடக்கத்திலும் ஆவணியின் முற்பகுதியிலும், நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறான். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது இங்கே புதுமையன்று. உறையூரில் வெக்காளியம்மன் கோயில் கருவறைக்குக் கூரையில்லை. மண்மாரியால் வீடிழந்த மக்களுக்கெல்லாம் கூரை கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டா என்று அன்னை வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள் என்பது அவ்வூரார் நம்பிக்கை. வெயிலைத் தாங்குவதே வாழ்க்கையாகக் கொண்ட மக்களின் தெய்வம் அது.

அக் காலத்தவர் வெயிலுக்கு அஞ்சியதும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் அரங்கத்தைக் கடந்து உறையூரை அடைந்து, அங்கிருந்து மதுரை நோக்கிப் புறப்படுகிறார்கள். வேனிற் கதிரின் வெம்மையைக் கண்ணகி பொறுக்கமாட்டாள் என்று கருதிப் பகற்பயணத்தை விடுத்து நிலவொளியில் நடந்தனர் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். கடும்பகலில் வெளியே திரியாமையே வெயிலுக்குச் சிறந்த காப்பு என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்லக் கூடும்?

இனி, நிறத்தைப் பற்றிச் சங்கச் சான்றோர் கொண்டிருந்த கருத்தைக் காண்போம். பெண்ணின் மேனிக்கு அவர்கள் போற்றிய நிறம் மாமை. மாந்தளிரை ஒத்த நிறம் அது. தலைவன் பிரிந்தால் அம் மாமை கெட்டு வெளிறிப் படரும் நிறத்தைப் பசலை என்றனர். வெளிறுதலை அவர்கள் நோயாகக் கண்டனர் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். அது மட்டுமன்று. மேனியில் தோன்றும் புள்ளிகளைச் சுணங்கு என்று பெயரிட்டு, வேங்கைப் பூவின் தாதுக்கு ஒப்பாகப் பாராட்டினர். ஒரே சீரான, வெளுத்த நிறமே அழகு என்னும் எண்ணம் நம் பழைய இலக்கியத்தில் பிறந்ததன்று. இக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நிறத்தை மாற்ற முயலாத அம் மக்கள் தூய்மையை எவ்வாறு பேணினர்? மாதவி நீராடிய நீரைப் பற்றிச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை விரிவாகப் பேசுகிறது. பத்து வகைத் துவர்களும் ஐந்து வகை நறுமணப் பொருள்களும் முப்பத்திரண்டு வகை மூலிகைகளும் ஊறிய நீர் அது. துவர்கள் எவை என்று உரையில் விளக்கம் உண்டு. பூவந்தி, திரிபலை என்னும் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், பாலுள்ள நால்வகை மரங்களாகிய ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியவை. பூவந்தி என்பது இன்று நாம் பூந்திக்கொட்டை என்று வழங்குவது. நீரில் தேய்த்தால் நுரைப்பது. நுரையால் அழுக்கை நீக்கித் துவர்ப்பால் தோலை இறுக்குவது இக் கலவையின் நோக்கம் எனலாம்.

சீவக சிந்தாமணியில் இன்னும் சுவையான நிகழ்ச்சி ஒன்று வருகிறது. குணமாலை, சுரமஞ்சரி என்னும் தோழியர் இருவர் நீர்விழாவிற்குப் புறப்படும்போது, தாம் இடித்த சுண்ணத்துள் எது சிறந்தது என்று வாதிட்டனர். தோற்றவர் அவ் விழாவில் நீராடலாகாது என்பது அவர்கள் வைத்த ஒட்டு. சீவகன் இரண்டையும் வானில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடின. குளிக்கும் பொடி நன்றா தீதா என்பதற்காக நட்பே முறியும் அளவுக்கு அதன் தரத்தில் மக்கள் கருத்துச் செலுத்தியிருந்தனர் என்பது இக் கதையால் விளங்குகிறது.

பண்டு உறையூரோடு வாணிகத் தொடர்பு கொண்ட உரோமர் என்ன செய்தனர்? அவர்கள் குளிப்பு மண்டபத்தில் உடம்பெங்கும் எண்ணெய் பூசி, வெண்கலத்தாலோ இரும்பாலோ செய்த வளைந்த சுரண்டியால் எண்ணெயையும் அழுக்கையும் வழித்தெடுத்தனர். எண்ணெய் பூசுதல் இரு நாட்டாருக்கும் பொது. அதை எடுக்கும் முறையில்தான் வேறுபாடு. அவர்கள் உலோகத்தை நாடினர். நாம் மாவை நாடினோம். பயற்றம்பயறு, கடலை, சீயக்காய், அரப்பு இவற்றின் பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மெல்ல உதிரும். ஆயுர்வேத நூலாகிய அட்டாங்க இருதயமும் எண்ணெய் தேய்த்தலுக்குப் பின் பொடி கொண்டு தேய்க்கும் முறையை நாளொழுக்கத்தில் வைத்துச் சொல்கிறது. அதற்கு உத்துவர்த்தனம் என்று பெயர்.

உறையூர் மென்துகிலுக்குப் பெயர்பெற்ற ஊர். கி. பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் அர்காரு என்னும் ஊரின் மெல்லிய ஆடையைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலர் கருத்து. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தார் இங்கே நிகழ்த்திய அகழாய்வில் சாயத் தொட்டி எனக் கருதப்படும் கட்டடம் ஒன்றும் வெளிப்பட்டது. துணியைச் சாயமேற்றுவோரும் வெளுப்போரும் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. முரட்டுத் துணிக்கு உவர்மண்ணும் வெள்ளாவியும் கல்லில் அடித்தலும் பொருந்தும். மென்துகிலை அவ்வாறு செய்தால் கிழிந்து போகும். அதற்கு அலசலே போதும். நம் மேல்தோலோ எந்த மென்துகிலினும் மெல்லியது. வெளுப்பவர் துகிலுக்குக் காட்டும் பரிவில் பாதியேனும் நம் முகத்திற்கு நாம் காட்டுகிறோமா என்று நான் பன்முறை எண்ணியதுண்டு.

இப் பரிவை அரங்கத்திலும் காணலாம். திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமானின் மூலத் திருமேனி சுதையால் ஆனது. ஆகவே அதற்கு நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை, தைலக்காப்புச் சாத்துகிறார்கள். பொருளின் இயல்பு அறிந்து அதற்கேற்ற முறையைத் தேர்வது என்னும் நெறி இதில் விளங்குகிறது.

இனி, அறிவியல் சொல்வதைக் கேட்போம். நம் மேல்தோல் அடியிலிருந்து புதிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இளைஞரிடம் ஏறத்தாழ நான்கு வாரங்களில் அடியில் பிறந்த உயிரணு மேலே வந்து, இறந்து, கண்ணுக்குத் தெரியாத செதிலாய் உதிர்ந்து விடும். அடியடுக்கில் மெலனின் என்னும் கருநிறமி உண்டாகிறது. புற ஊதாக் கதிர்கள் தாக்கும்போது உடம்பு அந் நிறமியை மிகுதியாகச் செய்து, உயிரணுவின் கருவின்மேல் குடைபோல் கவித்துக் காக்கிறது. வெயிலில் கருத்தல் என்பது இதுவே, அது தற்காப்பு. புற ஊதாக் கதிரை 1801இல் ரிட்டர் என்னும் செருமானியர் கண்டுபிடித்தார்.

செதில்கள் உதிராமல் தங்கினால் தோல் மங்கித் தோன்றும். அவற்றை மெல்ல நீக்கினால் பொலிவு தோன்றும். ஆனால் அழுத்தித் தேய்த்தால் நடப்பது வேறு. தோல் புண்பட்டு அழற்சி கொள்ளும். அழற்சி ஆறிய இடத்தில் நிறமி மிகுந்து முன்னினும் கருத்த திட்டு உண்டாகும். நம்மைப் போன்ற கருநிறத் தோலினரிடம் இது மிகுதியாக நிகழும். கருமையைப் போக்க வேண்டிச் செங்கல்லாலும் முரட்டு நாராலும் தேய்ப்பவர் கருமையையே விதைக்கிறார்கள்.

சவர்க்காரத்தின் வரவும் இவ் வரலாற்றில் ஒரு பகுதி. 1888இல் சன்லைட் சவர்க்காரம் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவில் வந்திறங்கியது. மைசூர் அரசு 1916இல் பெங்களூரில் சவர்க்காரத் தொழிற்சாலை தொடங்கியது. பெட்டியில் அடைத்த வில்லை வந்தபின் வீட்டு உரல் மெல்ல ஓய்வு பெற்றது. ஆயினும் பழைய சவர்க்காரம் காரத் தன்மை உடையது. தோலின் மேற்பரப்போ சிறிது புளிப்புத் தன்மை உடையது என்பதை 1928இல் சேடு, மார்க்கியோனினி என்னும் செருமானிய மருத்துவர்கள் விளக்கி, அதற்கு அமிலப் போர்வை என்று பெயரிட்டனர். 1974இல் வான் இசுகாட்டு, யூ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் பழத்திலும் பாலிலும் உள்ள சில அமிலங்கள் செதில்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றன என்று காட்டினார்கள். பழந்தயிரில் உள்ள இலாக்டிக அமிலமும் அவ் வகையைச் சேர்ந்ததே. பயற்றமாவைத் தயிரில் குழைத்த பாட்டிமார் அமிலத்தின் பெயரை அறியார், பயனை அறிந்திருந்தனர்.

அதற்காகப் பழையன எல்லாம் நல்லன என்று நான் சொல்லவில்லை. திருச்சிப் பெரிய கடை வீதியின் நாட்டு மருந்துக் கடைகளில் நலங்குமாவிற்கென்று கேட்டால் பயறு, பூலாங்கிழங்கு, கத்தூரி மஞ்சள், வெட்டிவேர் முதலியவற்றோடு கார்போகரிசியும் தரப்படுவதுண்டு. கார்போகரிசியில் வெயிலின் தாக்கத்தைத் தோலில் மிகுவிக்கும் பொருள் இருக்கிறது. எலுமிச்சைச் சாறும் அவ்வாறே. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் கொப்புளமும் கருந்திட்டும் எழக்கூடும். புதியனவற்றுள்ளும் தீயன உண்டு. முகம் தேய்க்கும் பசைகளில் நுண்ணிய நெகிழி மணிகளைச் சேர்த்தனர். அவை சாக்கடை வழியே ஆற்றிலும் கடலிலும் சேர்வதைக் கண்டு 2015இல் அமெரிக்க நாடு சட்டத்தால் தடுத்தது. காவிரியில் குளித்து அதன் நீரையே குடிக்கும் நாம் இதை மறக்கலாகாது.

எல்லாவற்றினும் கொடியது வெளுப்பு மோகம். ஃபேர் அண்ட் லவ்லி என்னும் பெயரில் 1975இல் இந்தியாவில் வெளிவந்த பூச்சு, 2020இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறிற்று, மணப்பெண் தேடும் விளம்பரங்களில் நிறம் கேட்கும் வழக்கம் முற்றும் மாறவில்லை. பாதரசம் கலந்த வெளுப்புப் பூச்சுகள் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய ஒப்பனைப் பொருள்களை ஒழிக்க 2020ஐ எல்லையாக வைத்தது. மருத்துவர் சொல்லாமல் ஊக்கமருந்துக் களிம்பை முகத்தில் நெடுநாள் பூசுவோர் தோல் மெலிந்து, பருக்கள் பெருகி, வெயிலைக் கண்டாலே எரியும் நிலைக்கு வருகிறார்கள். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் சிலரை நானே இந் நிலையில் கண்டு வருந்தியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் குறை ஒன்றும் இருந்ததில்லை; குறை இருப்பதாகப் பிறர் சொன்ன சொல்லே நோயாயிற்று.

ஆகவே மாணவர்கள் கைக்கொள்ளத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பயற்றமாவைத் தேர்ந்தால் மெல்லிய துணியில் சலித்த மாவையே தேர்க. விரலிடை வைத்துப் பார்த்தால் மணல்போல் நெருடக் கூடாது. நீரிலோ தயிரிலோ தளரக் குழைத்து, விரல் நுனியால் மெல்ல வருடிக் கழுவுக. வாரத்தில் ஒரு முறை அல்லது இரு முறை போதும். பீர்க்கு நார் முதுகிற்கும் குதிகாலுக்கும் உரியது, முகத்திற்கு வேண்டா. பருவும் புண்ணும் வெயில் எரிச்சலும் உள்ள நாளில் தேய்த்தலையே விடுக. புதுப்பொடி எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க. தேய்த்தபின் புதுத்தோல் வெளிப்படுமாதலால் வெயிலிலிருந்து அதைக் காத்தல் கட்டாயம். குடை, தலைத்துணி, வெயில்காப்புக் களிம்பு இவற்றுள் இயன்றதைக் கொள்க. திட்டு பரவினாலும் உணர்ச்சியற்றுப் போனாலும் பொடியைத் தேடாமல் மருத்துவரைத் தேடுக. உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்று சங்கப் புலவருள் ஒருவர் இருந்தார். மருத்துவரை நாடுவது அவ்வூருக்குப் புதிய பழக்கமன்று.

உறையூர்ச் சிவபெருமானுக்கு ஐவண்ணநாதர் என்று ஒரு பெயருண்டு. உதங்க முனிவருக்கு ஒரே நாளில் ஐந்து வேளைகளில் ஐந்து நிறமாகக் காட்சியளித்தார் என்பது தலவரலாறு. இறைவனையே பல நிறத்தில் கண்டு வணங்கிய ஊரில், காவிரிக் கரை வயலில் நாற்று நட்டுக் கருத்த கையும் தறியில் அமர்ந்து நிழலில் வெளிறிய கையும் ஒரே படித்துறையில்தான் நீராடின. தோலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள், வெயிலிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். அதன் நிறத்தோடு போர் தொடுக்க வேண்டா.