சபா: ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்?
2022இல் சபாவின் வறுமை விகிதம் 19.7 விழுக்காடு. நாட்டிலேயே ஆக அதிகம். அப்படின்னா ஐந்து மாணவர்களில் ஒருவர் ஏழையா? அவசரப்படாதீங்க. அந்தக் கணக்கு எண்ணுவது குடும்பங்களை, பிள்ளைகளை அல்ல. ஒரு பிள்ளை உள்ள வீடும் ஒன்று, ஆறு பிள்ளைகள் உள்ள வீடும் ஒன்றுதான். ஏழை வீடுகளில் பொதுவாகப் பிள்ளைகள் அதிகம் என்பதால், பிள்ளைகளை எண்ணினால் விகிதம் ஏறும்.

வறுமைக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதும் முக்கியம். 2016இல் தேசிய அளவில் அது மாதம் 980 ரிங்கிட். 2020இல் கணக்கிடும் முறையை மாற்றியபோது, அதே 2016க்கான தேசிய விகிதம் 0.4இலிருந்து 7.6 விழுக்காட்டுக்குத் தாவியது. புதிதாக யாரும் ஏழையாகவில்லை!

இன்னொன்றும் இருக்கு. குடும்ப வருமான ஆய்வு குடிமக்களின் வீடுகளை மட்டுமே கேட்கிறது. சபாவில் அடையாள ஆவணம் இல்லாத பிள்ளைகள் ஏராளம். அந்த 19.7இல் அவர்களில் பலர் இல்லை.